கூப்பர் பிளாக்: அந்தக் குண்டு எழுத்துரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கொஞ்சம் ரெட்ரோவா, ஜாலியா இருக்கணும்" என்று வாடிக்கையாளர் சொன்னதும் டிசைனர்கள் பலரும் முதலில் எடுக்கும் எழுத்துரு கூப்பர் பிளாக். எடுப்பது சுலபம். அதை எந்தக் காலத்தின் எழுத்தாகக் காட்டப் போகிறோம் என்று முடிவு செய்வதுதான் வேலை. டிசைன் படிக்கிற பிள்ளைகளும், கடை வைத்திருப்பவர்களும், அச்சகத்தில் ஃபைல் தயார் செய்பவர்களும் கேட்கிற கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இது எந்த எழுத்துரு? நான் பார்த்திருப்பேனா?

பார்த்திருப்பீர்கள், பெயர் மட்டும் தெரியாமல் இருந்திருக்கும். ஈஸிஜெட் விமானங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்கும் பெயர் கூப்பர் பிளாக். கார்ஃபீல்ட் பூனையின் பெயர்ப்பட்டை, டூட்ஸி ரோல் மிட்டாய்த் தாள், பீச் பாய்ஸ் குழு 1966-ல் வெளியிட்ட பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டின் உறை எல்லாவற்றிலும் இதுதான். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போட்ட கணினி என்றால் ஃபாண்ட் பட்டியலிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். தடிமனான ஆங்கில எழுத்து, ஓரங்களில் குஞ்சம் வைத்த செரிஃப் வகை, ஆனால் கூர்முனை எங்கேயும் கிடையாது. மாவில் வெட்டிய எழுத்தை எண்ணெயில் போட்டு உப்ப வைத்தால் எப்படி வருமோ, அப்படி.

யார் செய்தது?

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் (1879–1940). ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, கான்சஸில் வளர்ந்து, ஓவியம் படிக்க சிகாகோ வந்தவர். அங்கே ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளியில் எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்தவர் ஃபிரெடரிக் கௌடி. அமெரிக்க எழுத்துரு வரலாற்றில் பெரிய பெயர். கூடப் படித்தவர்களில் ஒருவர் டபிள்யூ. ஏ. டுவிகின்ஸ், அவரும் பின்னாளில் பெரிய ஆள். ஒரே வகுப்பறையில் இத்தனை பேர்!

1904-ல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு சேர்ந்து பெர்ட்ஷ் அண்ட் கூப்பர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களுக்கு லே-அவுட் போடுவது, வாசகங்களைக் கையால் எழுதிக் கொடுப்பது, இதுதான் தொழில். பாக்கார்ட் கார் விளம்பரங்களுக்கு அவர் எழுதிய எழுத்துகள் பிடித்துப்போய், அவற்றை வைத்தே தனி எழுத்துரு ஒன்று வந்தது. அப்புறம் சிகாகோவின் எழுத்து வார்ப்பகமான பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் இவரை விடாமல் பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது சாதாரண எடையுள்ள கூப்பர் ஓல்ட் ஸ்டைல். அதன் தடித்த தம்பியாக 1922-ல் கூப்பர் பிளாக் வந்தது. அண்ணனை இன்று யாருக்கும் நினைவில்லை.

1922-ல் வந்த எழுத்தை ஏன் எல்லோரும் எழுபதுகளின் எழுத்து என்கிறார்கள்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1920-களில் இது ஈய எழுத்து. செய்தித்தாள் விளம்பரத்தில், துண்டுப்பிரசுரத்தில், ஒரு நிறத்தில், மிஞ்சினால் சிவப்பு ஒன்று சேர்த்து அச்சடிப்பார்கள். ஈயத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டையில் உட்கார்ந்திருக்கும். இரண்டு கட்டைகளை ஒட்டி வைத்தாலும் எழுத்துகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீரும். அதைவிட நெருக்க வேண்டுமானால் கட்டையை அரத்தால் ராவ வேண்டும். யாருக்கு நேரம்? ஆகவே அன்றைய கூப்பர் பிளாக் நெஞ்சை நிமிர்த்தி, எட்ட எட்ட நின்ற எழுத்து.

1960-களில் இரண்டு விஷயங்கள் மாறின. ஃபோட்டோ டைப்செட்டிங், அதாவது ஈயத்துக்குப் பதிலாக ஒளியால் ஃபிலிமில் எழுத்தைப் பதிக்கும் முறை வந்தது. எழுத்து ஃபிலிமுக்குப் போனதும் கட்டை என்ற தடை போய்விட்டது, எவ்வளவு நெருக்கமாகவும் வைக்கலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றலாம். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் லெட்ராசெட் தாள்கள் கடைக்கு வந்தன. தாளைக் காகிதத்தின்மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அச்சுக்கோப்பவர் இல்லாமலேயே ஒரு கல்லூரி மாணவன் தன் மேஜையில் போஸ்டர் தயாரிக்கலாம் என்று ஆனது. கூப்பர் பிளாக் அந்தத் தாள்களில் இருந்தது. பெட் சவுண்ட்ஸ் உறையைப் பாருங்கள்: ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் படத்துக்கு மேலே ஒரு பச்சைப் பட்டை, அதில் எழுத்துகள் தோளோடு தோள் உரசி நிற்கும். இன்று நாம் ரெட்ரோ என்று சொல்கிற அந்த நெருக்கமான தோற்றம் ஃபிலிம் கொடுத்தது. ஈயத்தில் அது கைகூடாது.

எழுபதுகளில் டி-ஷர்ட்டில் இஸ்திரி போட்டு ஒட்டும் எழுத்துகளாகவும் வந்தது. நியூயார்க் தெருக்களில் பிரேக் டான்ஸ் ஆடிய குழுக்கள் தங்கள் பெயரை ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டது இந்த மாதிரி எழுத்துகளில். பிரிட்டனில் 1968-ல் தொடங்கிய டாட்ஸ் ஆர்மி என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரின் பெயர்களும் இதில் வந்தவைதான்.

ஆக ஒரே எழுத்துக்கு இரண்டு வயது. எந்த வயதைக் காட்டுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கான திருகு எழுத்திடைவெளி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பார்த்ததும் ஏன் ஒரு சிரிப்பு வருகிறது?

கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். திரையில் 400 புள்ளி அளவுக்குப் பெரிதாக்கி ஆங்கிலச் சின்ன எழுத்து ஓ-வைத் தட்டுங்கள். வெளி உருவம் ஏறத்தாழ வட்டம். உள்ளே இருக்கும் ஓட்டை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதுவும் மிகச் சின்னதாக. கண்ணைச் சற்றே சாய்த்துப் பார்ப்பவரின் முகம்போல ஆகிவிடுகிறது. ஐ, ஜே எழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள், அதுவும் வட்டமாக இல்லை. சாய்ந்த முட்டை வடிவம். பழைய பேனா எழுத்தின் சாய்வை இவ்வளவு கனமான உடம்புக்குள் கூப்பர் விட்டுவைத்திருக்கிறார். அதனால்தான் இது இயந்திரம் செய்த மாதிரி தெரியாமல் கையால் வரைந்த மாதிரி தெரிகிறது.

இப்போது அடிப்பாகம். எழுத்துகள் கோட்டின்மேல் தட்டையாக நிற்பதில்லை. பாதங்கள் லேசாகக் குவிந்திருக்கும். இதில் நடைமுறை லாபம் ஒன்று உண்டு. ஒரு எழுத்து இம்மி மேலே, ஒரு எழுத்து இம்மி கீழே போனாலும் கண்ணுக்குத் தெரியாது. லெட்ராசெட் தேய்த்தவர்களுக்கும் டி-ஷர்ட்டில் ஒட்டியவர்களுக்கும் இது ஏன் பிடித்தது என்பதில் பாதி இங்கே இருக்கிறது. தட்டைப் பாதம் உள்ள ஹெல்வெட்டிகாவைக் கொஞ்சம் கோணலாக ஒட்டிப் பாருங்கள், உடனே மாட்டிக்கொள்வீர்கள்.

வந்த காலத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்ததாமே?

இருந்தது. மரபான அச்சுக்காரர்கள் சிலர் இதைக் கறுப்பு அபாயம் என்றே அழைத்தார்கள். மெல்லிய, நளினமான பக்கங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது முரட்டு ஆளாகத் தெரிந்திருக்கும். தூரப்பார்வை உள்ள அச்சகத்தாருக்கு, கிட்டப்பார்வை உள்ள வாடிக்கையாளர்களுக்காகச் செய்தது என்று கூப்பரே கிண்டலாகச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. விற்பனை என்னவோ அமோகம். போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. லட்லோ நிறுவனம் அதேபோல ஒன்றைக் கொண்டுவந்தது. மோனோடைப் நிறுவனத்துக்காகக் கௌடியே கௌடி ஹெவிஃபேஸ் செய்து கொடுத்தார். மாணவரின் சந்தையைப் பிடிக்க வாத்தியாரிடமே போயிருக்கிறார்கள்.

சரி, எழுத்திடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

எழுபதுகளின் வாசனை வேண்டுமென்றால் நெருக்குங்கள். ஃபோட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ டிராக்கிங்கை (எல்லா எழுத்துகளின் இடைவெளியையும் ஒரே அளவில் மாற்றும் அமைப்பு) மைனஸ் 20-ல் தொடங்கி மைனஸ் 50 வரை மெல்ல இறக்கிப் பாருங்கள். ஓரிரு இடங்களில் எழுத்துகள் ஒன்றையொன்று தொடும். தொடட்டும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் தொட்டு மற்ற இடமெல்லாம் விலகி நின்றால் அது தவறிப்போனது மாதிரி தெரியும். ஒன்று, பரவலாக உரச விடுங்கள். இல்லையா, ஒரே மெல்லிய கோட்டளவு இடைவெளி எல்லா இடத்திலும் இருக்கும்படி கையால் கெர்னிங் (ஒவ்வொரு ஜோடி எழுத்தின் இடைவெளியையும் தனியாகச் சரிசெய்வது) செய்யுங்கள். எல் (L), டி (T), வி (V), டபிள்யூ (W) போன்ற கேப்பிட்டல்கள் பக்கத்தில் எப்போதும் பள்ளம் விழும், அங்கேதான் கை வேலை.

1920-களின் விளம்பரத் தோற்றம் வேண்டுமென்றால் டிராக்கிங்கைப் பூஜ்யத்திலேயே விடுங்கள், கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை. நடுவில் நிறுத்தி, கறுப்பில் அடித்து, மேலும் கீழும் ஒரு கோடு போட்டால் ஆள் அடையாளமே மாறிவிடும். இதே எழுத்தா என்று கேட்பார்கள்.

வரி இடைவெளியிலும் தாராளமாகக் கை வைக்கலாம். இந்த எழுத்தின் வால்கள் குட்டை. ஜி, பி, ஒய் எல்லாம் கீழே அதிகம் இறங்காது. 60 புள்ளி எழுத்துக்கு 54 புள்ளி வரி இடைவெளி வைத்தால்கூடப் பெரும்பாலும் மோதாது. இரண்டு மூன்று சொற்களை அடுக்கி ஒரே கட்டியாக்கினால் இது மிக அழகாக நிற்கும்.

எந்த வேலைக்குப் பொருந்தும்?

சொற்கள் குறைவாகவும் அளவு பெரிதாகவும் இருக்கிற எதற்கும். ஐஸ்கிரீம் கடை, பேக்கரி, ஜூஸ் பாட்டில் லேபிள், ஸ்டிக்கர், இசை நிகழ்ச்சி போஸ்டர், குழந்தைகள் பொருட்களின் பெட்டி, பாட்காஸ்ட் அட்டைப்படம், யூடியூப் தம்ப்நெயில். தம்ப்நெயிலைத் தனியாகச் சொல்லக் காரணம், செல்போனில் விரல்நகம் அளவுக்குச் சுருங்கினாலும் இரண்டு சொல் கூப்பர் பிளாக் படிக்கக் கிடைக்கும்.

எதற்குப் போடக்கூடாது?

பத்திகளுக்கு வேண்டவே வேண்டாம். விலைப்பட்டியலில் பதார்த்தப் பெயர்களுக்கு இதைப் போட்டு, பக்கத்தில் விலையையும் இதிலேயே போட்டால் மெனு கார்டே கறுத்துப்போகும். மருத்துவமனை, வக்கீல் அலுவலகம், இரங்கல் அறிவிப்பு பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்கிறார்கள்.

முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில் போடலாமா?

போடலாம். ஆனால் இதன் குறும்பெல்லாம் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. கேப்பிட்டலில் கனம் மட்டும் மிஞ்சும். ஈஸிஜெட்டின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். முழுக் கேப்பிட்டல் வேண்டுமென்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால் ஒரே ஒரு சொல்லோடு நிறுத்துங்கள்.

எந்த நிறங்கள்?

காப்பிப் பழுப்பு, கடுகு மஞ்சள், ஆரஞ்சு, வெண்ணெய் நிறப் பின்னணி. எழுபதுகள் என்றதும் எல்லோரும் போவது இங்கேதான், தப்பில்லை. ஆனால் அந்த நிறங்களும் நெருக்கமான கூப்பர் பிளாக்கும் வானவில் கோடுகளும் ஒரே போஸ்டரில் வந்தால் வேஷம் கட்டியது போல ஆகிவிடும். எழுத்து ரெட்ரோவாக இருந்தால் நிறத்தை இன்றைக்கு உள்ளதாக வையுங்கள், அல்லது தலைகீழாக. என் கைக்குப் பிடித்தது ஒரே அழுத்தமான நிறம், வெள்ளைப் பின்னணி, வேறெதுவும் இல்லை.

துணைக்கு எந்த எழுத்துருவை வைப்பது?

அமைதியான ஆளாகப் பாருங்கள். எளிய சான்ஸ் செரிஃப் (ஓரத்தில் குஞ்சம் இல்லாத எழுத்து) எது வேண்டுமானாலும் ஒத்துப்போகும். ஃபியூச்சுரா போன்ற வட்டமும் கோடுமான எழுத்து நன்றாகவே சேரும். சூவெனீர், வின்ட்ஸர் போன்ற எழுத்துருக்களும் எழுபதுகளில் சக்கைப்போடு போட்டவை, மென்மையான முனை கொண்டவை. அவற்றைப் பக்கத்தில் வைத்தால் இருவரும் ஒரே வேடத்துக்குச் சண்டை போடுவார்கள்.

டி-ஷர்ட், ஸ்கிரீன் பிரிண்டிங், வினைல் கட்டிங் வேலைகளில் என்ன கவனிக்க வேண்டும்?

உள்ளே இருக்கும் ஓட்டைகளை. ஆங்கிலச் சின்ன எழுத்துகளான இ (e), ஏ (a) இரண்டும்தான் முதலில் அடைபடும். அச்சில் எந்த மை விழுகிறதோ அது விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் பரவும். வெளிர் துணியில் அடர்த்தியான மையால் எழுத்தை அடித்தால் மை உள்பக்கமாகப் பரவி ஓட்டையைத் தின்னும். கறுப்புத் துணியில் வெள்ளை மை போட்டாலும் அதே கதைதான், பரவுவது வெள்ளை. மாறாக, நிறப்பட்டை அச்சாகி எழுத்து வெறும் துணியாகத் தெரியும்படி விட்டால், பட்டையின் மை எழுத்துக்குள் ஏறி எழுத்தை ஒல்லியாக்கும், ஓட்டை பெரிதாகும். கூப்பர் பிளாக்குக்கு இந்த இரண்டாவது வழி ரொம்பப் பாதுகாப்பானது. முதல் வழிதான் வேண்டுமென்றால், ஃபிலிம் எடுக்கும் முன் இ, ஏ ஓட்டைகளை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்திவிடுங்கள். சின்ன அளவில் அடிக்கும்போது இது கட்டாயம்.

வினைலில் மை பரவும் தொல்லை கிடையாது. ஆனால் வெட்டிய பிறகு ஓட்டைக்குள் இருக்கும் துணுக்கை ஊசியால் எடுக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கும் குறைந்த உயரத்தில் நீண்ட வாசகம் கொடுத்தால் ஸ்டிக்கர் கடைக்காரர் உங்களை மனசுக்குள் வைவார். நல்ல பக்கமும் உண்டு. கூர்முனை இல்லாததால் வினைல் ஓரங்கள் எளிதில் எழும்பாது. முனை கூரான எழுத்துகளில் வெயிலுக்கு முதலில் உரிவது அந்த முனைகள்தான்.

அவுட்லைன், நிழல் போடலாமா?

நிழல் இதற்கு இயல்பாகவே பொருந்தும். 1920-களிலேயே எழுத்தின் மேல் வெளிச்சம் பட்டது போல ஒரு வெள்ளைக் கீற்று ஓடும் கூப்பர் ஹைலைட் என்ற வடிவம் வந்திருக்கிறது. நிழலை மங்கலாக்காமல், ஒரே நிறத்தில், வலது கீழ்ப்பக்கம் தள்ளி அடியுங்கள். கணினி தருகிற புகை மாதிரியான நிழலைப் போட்டால் காலம் குழம்பிவிடும், அது இரண்டாயிரங்களின் வாசனை.

அவுட்லைன் போடும்போது கோடு எழுத்தின் வெளிப்பக்கம் மட்டும் வரட்டும். நடுவிலோ உள்ளேயோ வந்தால் ஓட்டைகள் மறுபடியும் அடைபடும். எழுத்தைப் பிரதி எடுத்து, பின்னால் இருக்கும் பிரதிக்குத் தடித்த கோடு கொடுத்து, முன்னால் உள்ளதை அப்படியே விட்டால் சரியாக வரும்.

சாய்ந்த வடிவம் உண்டா?

உண்டு, கூப்பரே செய்தது. மென்பொருளின் பொத்தானை அழுத்திச் சாய்ப்பது வேறு, அவர் வரைந்த இட்டாலிக் வேறு. பொத்தானில் சாய்த்தால் ஓ-வின் ஓட்டை எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நேராகிவிடும், முகமே போய்விடும். அசல் இட்டாலிக் கையில் இல்லையென்றால் நேரான எழுத்தையே ஒரு கோணத்தில் திருப்பி வையுங்கள். அகலமாக இழுப்பது, பொத்தானில் போல்டு ஆக்குவது இரண்டுமே கூடாது. ஏற்கெனவே உடம்பு பெருத்த எழுத்து இது.

தமிழில் கூப்பர் பிளாக் இருக்கிறதா?

அந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழில் தட்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு ஒரு ஃபாண்டைப் போட்டுவிடும். அதன் குணத்துக்குப் பக்கத்தில் வருகிற தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு செய்த பலூ குடும்பத்தில் தமிழுக்கு வந்தது பலூ தம்பி. (மலையாளத்துக்குப் பலூ சேட்டன், குஜராத்திக்குப் பலூ பாய், குர்முகிக்குப் பலூ பாஜி என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சகோதரன்.) முதல் பதிப்பில் ஒரே கனம்தான். பிறகு வந்த பலூ 2 வரிசையில் சாதாரண கனத்திலிருந்து எக்ஸ்ட்ரா போல்டு வரை உண்டு. இன்னொன்று காய்னி, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், உருண்டையான தடித்த எழுத்து. எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம்.

ஆனால் தமிழைத் தடிக்க வைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கில ஓ-வுக்கு ஒரே ஓட்டை. நம் ண-வுக்கு எத்தனை சுழி! இ, ஞ, ஜ, ணை எல்லாம் உள்ளுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் எழுத்துகள். கனம் ஏற ஏற உள்வெளி மூடிக்கொண்டே வரும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் 'இஞ்சி', 'கண்ணாடி', 'ஜூன்', 'பழரசம்' என்று தட்டிப் பாருங்கள். தேவையான அளவில் அச்செடுத்து இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்து, சுழிகள் தெரிந்தால் சரி. அடைத்துக்கொண்டால் ஒரு படி மெல்லிய கனத்துக்கு இறங்குங்கள்.

இன்னொரு யோசனை. நீங்கள் தேடுவது எழுபதுகளின் தமிழ்நாட்டுத் தோற்றம் என்றால், அது இந்த எழுத்துருவிடம் கிடையவே கிடையாது. சுவர் விளம்பரம், சினிமா போஸ்டர், கடைப் பலகை என எல்லாவற்றிலும் அன்று இருந்தது ஓவியர்களின் கையெழுத்து: பட்டையான தூரிகை, இரட்டை நிற நிழல், வளைந்து ஏறும் தலைப்பு. அதற்கு எழுத்து வரைகிற ஒருவரிடம் போய் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி வாங்குவது ஃபாண்ட் தேடுவதைவிட நல்ல வழி. செலவும் பயப்படுகிற அளவுக்கு ஆகாது.

ஒரே போஸ்டரில் தமிழும் கூப்பர் பிளாக்கும் சேர்ந்து வர வேண்டும். எப்படிப் பொருத்துவது?

புள்ளி அளவைப் பார்க்காதீர்கள், கோட்டின் தடிமனைப் பாருங்கள். ஆங்கில எல்-லின் தண்டையும் தமிழ் ப-வின் செங்குத்துக் கோட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே தடிமனாகத் தெரியும்வரை அளவை மாற்றுங்கள். பெரும்பாலும் தமிழ் பெரிதாக வைக்கும்படி வரும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் இடம் போதாது. அப்போது தமிழை இரண்டு வரியாக உடைப்பதுதான் வழி, சுருக்கி நசுக்குவது வழியல்ல.

வரி இடைவெளியில் ஆங்கிலத்துக்குச் செய்த தாராளம் இங்கே செல்லாது. கி, கீ என்று மேலே கொக்கி, கு, மூ, ழு என்று கீழே வால். மேல்வரியின் 'மு'வும் கீழ்வரியின் 'தீ'யும் மோதிக்கொள்ளும். 120 விழுக்காட்டில் தொடங்கி, எங்கே மோதுகிறது என்று பார்த்து இறக்குங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் வால் இல்லாத சொற்கள் மேல்வரியில் அமைந்து நன்றாகவே நெருக்கலாம்.

கூப்பர் பிளாக் எங்கே கிடைக்கும், இலவசமா?

ஆபீஸ் மென்பொருளோடு வந்திருந்தால் உங்களிடமே இருக்கிறது. இல்லையென்றால் பிட்ஸ்ட்ரீம், யூ.ஆர்.டபிள்யூ. போன்ற நிறுவனங்களின் பதிப்புகளை விலைக்கு வாங்கலாம். ஒரே எழுத்துக்கு ஏன் இத்தனை பதிப்பு என்றால், அமெரிக்கச் சட்டப்படி எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஃபாண்ட் ஃபைல் என்ற மென்பொருளுக்குத்தான் உண்டு. ஆகவே இலவசம் என்று போட்டிருக்கும் தளங்களில் கிடைக்கிற ஃபைல் யாருடையது என்று பார்க்காமல் இறக்காதீர்கள். கணினியில் வைத்துப் போஸ்டர் செய்வதற்கு ஓர் உரிமம், இணையதளத்தில் ஏற்றுவதற்கு வேறு, செல்போன் செயலிக்குள் நுழைப்பதற்கு இன்னொன்று. வாங்கும்போதே எது தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்காமல் அதே மாதிரி?

கூகுள் ஃபாண்ட்ஸில் ஃபிராவுன்ஸெஸ் என்று ஒன்று இருக்கிறது. கூப்பர், சூவெனீர், வின்ட்ஸர் மூன்றின் சாயலும் கலந்தது. வேரியபிள் ஃபாண்ட் என்பதால் கனத்தை மட்டுமல்லாமல், முனைகள் எவ்வளவு மழுங்க வேண்டும், எழுத்து எவ்வளவு கோமாளித்தனம் செய்ய வேண்டும் என்பதையும் தனித்தனியாக நகர்த்தலாம். மென்மையையும் கனத்தையும் உச்சத்தில் வைத்தால் கூப்பர் பிளாக்கின் அத்தை மகன் கிடைப்பார். அதையே நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் காப்ரசிமோ இருக்கிறது. ஃபிராவுன்ஸெஸ் செய்த அதே குழுவின் வேலை, ஒரே கனம். சாய்வாக, துள்ளலாக வேண்டுமா, குஜராத்தியும் ஆங்கிலமும் கொண்ட ஸ்ரீகண்ட் பாருங்கள். குஜராத் தெருக்களில் கையால் எழுதிய பலகைகளைப் பார்த்துச் செய்தது அது.

லோகோவுக்கு வைக்கலாமா? எல்லோரும் வைத்திருக்கிறார்களே?

அப்படியே தட்டி வைத்தால் உங்கள் கடைப் பெயர் பக்கத்துக் கடைப் பெயர் மாதிரி இருக்கும். ஈஸிஜெட் தப்பித்ததற்குக் காரணம் 1995 முதல் அந்த ஆரஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டதும், அந்தக் குழுமத்தின் மற்ற நிறுவனங்களுக்கும் அதே எழுத்தையும் நிறத்தையும் கொடுத்ததும். நம்மிடம் அந்த அளவு பணமோ விமானமோ இல்லை. எழுத்தைக் கர்வ்ஸாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வரைகோட்டு உருவமாக) மாற்றி, ஒன்றிரண்டு எழுத்துகளைத் தொட்டுத் திருத்துங்கள்: ஐ-யின் முட்டைப் புள்ளியை இலையாக்குவது, ஆர்-இன் காலை நீட்டி அடுத்த எழுத்தின் அடியில் விடுவது போல. ஒரு திருத்தம் போதும், நிறையச் செய்தால் எழுத்தின் குணம் கெட்டுவிடும். ஃபாண்ட் உரிமம் இப்படி மாற்ற அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

இணையதளத்தில் தலைப்புகளுக்கு?

முகப்பில் ஒரு பெரிய தலைப்புக்குச் சரி. உள்பக்கங்களில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் போட்டால் கண் சோர்ந்துவிடும். செல்போனில் 24 பிக்சலுக்குக் கீழே இறக்காதீர்கள், மங்கலான திரையில் ஆங்கில இ-யும் (e) சி-யும் (c) ஒன்றாகத் தெரியும்.

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பும்போது?

கர்வ்ஸாக மாற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் அவர்கள் கணினியில் இருக்கும் வேறொரு கூப்பர் பிளாக் வந்து உட்கார்ந்து, நீங்கள் கையால் சரிசெய்த இடைவெளியெல்லாம் கலைந்துவிடும். மாற்றும் முன் திருத்தக்கூடிய ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள், ஃபோன் நம்பர் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் கட்டாயம் ஒரு கால் வரும். தமிழும் இருந்தால் அதையும் கர்வ்ஸாக்குங்கள். பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. யூனிகோட் தமிழை அவர்கள் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறி நிற்கலாம். பி.டி.எஃப். அனுப்பி, கூடவே சரியான தோற்றத்தைக் காட்டும் ஜேபெக் ஒன்றையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அது போதும்.